கடைமடைக்காரருக்கு இருபத்து நாலு சொட்டு

சொட்டுகிற எதைக் கண்டாலும் அறிவுமதி நின்றுவிடுவாள். டீக்கடை வடிகட்டி, கொடியில் போட்ட ஈரப்புடவை, மழை விட்ட பிறகு பஸ் ஸ்டாண்டுக் கூரை, எதுவானாலும் சரி. கண் அதிலேயே குத்தி நிற்கும். உதடு லேசாக அசையும். வலது கைச் சுட்டுவிரல் தொடையில் தட்டிக்கொண்டிருக்கும். கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு ‘நாற்பத்திரண்டு’ என்றோ ‘ரொம்ப வேகம்’ என்றோ தனக்குள் சொல்லிவிட்டு நடப்பாள். ஒரு சித்திரை வெயிலில் சிவன் கோயிலுக்குப் போயிருந்தாள். லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குருக்கள் தட்டோடு வந்து நிற்கிறார், இவள் கையை நீட்டவில்லை.

“வேண்டுதல் பெருசோம்மா?” என்றார் குருக்கள்.

“நிமிசத்துக்கு முப்பத்தாறு சாமி” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதோடு சிரிப்பும் வந்துவிட்டது. பிரகாரம் சுற்றி முடிக்கும்வரை அது நிற்கவில்லை.

சிரிப்பும் அவளுக்கு ஒரு தொந்தரவுதான். சந்தோஷம் வந்தாலும் சிரிப்பு, பயம் வந்தாலும் சிரிப்பு. நர்சிங் படித்த காலத்தில் டீச்சர் எழுப்பிவிட்டு, “கிலோ எடைக்கு இத்தனை மைக்ரோகிராம் மருந்து போகணும், நிமிசத்துக்கு எத்தனை சொட்டு விடுவே?” என்று கேட்டால், விடைக்கு முன்னால் சிரிப்பு வந்து நிற்கும். வகுப்புக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். வெளியே ஒரு குழாய் எப்போதும் ஒழுகிக்கொண்டிருந்தது. நிற்கிற நேரத்துக்கு வேறு வேலை இல்லாமல் அதை எண்ணிப் பழகினாள். கணக்கும் அங்கே நின்றுதான் மெல்ல மெல்லப் பிடிபட்டது. படுத்திருப்பவரின் எடை என்ன, பாட்டிலில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது, குழாயில் ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு விழும். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் மிச்சம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

தஞ்சாவூரில் ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில், நாலு கட்டில் போட்ட தீவிர சிகிச்சை அறையில் அவளுக்கு வேலை. பிறந்த ஊர் காவிரிக்கரையில் திருக்காட்டுப்பள்ளி. அம்மாவும் அப்பாவும் அங்கே ஊரார் வயலில் நட்டும் அறுத்தும் அவளைப் படிக்க வைத்தவர்கள். வேலையில் அவளுக்கு மிகவும் பிடித்தது முகக்கவசம். அதற்குப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளலாம், நோயாளிக்குக் கண் மட்டும்தான் தெரியும்.

அந்த ஆனி மாதத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அன்பரசன். மாயவரத்தில் மோட்டார் பம்பு பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ஊர் திருக்கடையூருக்கும் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற கடைமடை. அம்மா அம்சம் வந்தாள், அக்கா வந்தாள், அன்பரசனும் வந்தான். அப்பா வைரக்கண்ணு மட்டும் வரவில்லை.

“ஆத்துல தண்ணி வந்துருச்சு. எங்க மொறை இன்னைக்கி” என்றாள் அம்சம், வெட்கத்தோடு. “வாய்க்கால்ல தண்ணி வந்தா அந்த மனுசன் எழவுக்கே போவமாட்டாரு. பொண்ணு பாக்கவா வருவாரு?”

அம்சத்துக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அன்பரசனுக்குப் பிடித்தது எந்த அளவுக்கு என்றால், கொடுத்த கேசரியைக் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டான். அதைப் பார்த்து அறிவுமதிக்கு வந்த சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடவேண்டியிருந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போன். ‘இன்னைக்கு எத்தனை சொட்டு?’ என்றுதான் ஆரம்பிப்பான். அந்தக் கேள்விக்கே அவள் பத்து நிமிடம் சிரிப்பாள். அவன் பொறுமையாக இருப்பான். இப்படிச் சிரிக்க விட்டுக் காத்திருக்கிற ஒருவனைத் தவறவிடக்கூடாது என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

ஆனால் வைரக்கண்ணு இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே இரண்டு இடத்தைத் தட்டிவிட்டவர். இரண்டுக்கும் ஒரே காரணம். பெண் வீட்டார் மேல்மடைக்காரர்கள். தண்ணீர் முதலில் பாய்கிற ஊர்க்காரர்கள் கடைமடையின் கஷ்டம் அறியாதவர்கள் என்பது அவர் கட்சி.

“அப்பாகிட்ட எங்க ஊரு திருக்காட்டுப்பள்ளின்னு சொன்னீங்களா?” என்று கேட்டாள் ஒருநாள்.

“சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“ஓகோன்னாரு.”

“ஓகோன்னா?”

“தெரியல. அம்மாதான், நெலமே இல்லாதவங்களுக்கு மேல்மடை என்ன கடைமடை என்னன்னு சண்டை போட்டுச்சு. நான் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்னுட்டாரு. போட்டோவும் பாக்கமாட்டாராம். அவரு வச்சிருக்கறது பட்டன் போனு.”

ஆக, ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. ஆடி கழிந்து, ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைரக்கண்ணுவே நேரில் வந்து பார்ப்பதாக முடிவானது. வெள்ளிக்கிழமையே குடும்பத்தோடு தஞ்சாவூரில் மகள் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

அறிவுமதி சனிக்கிழமை பகல் வேலையில் இருந்தாள். சாயங்காலம் கிளம்பி ஊருக்குப் போய், மறுநாள் பட்டுப்புடவை கட்டவேண்டும். காலை டிபன் நேரம் முடிந்த சமயத்தில் ஆட்டோவில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாடித் துடிப்பு மெதுவாக, ரத்த அழுத்தம் தரை தொட்டுக் கிடந்தது. கூட ஓடிவந்தவர்களில் அம்சத்தையும் அன்பரசனையும் பார்த்ததும் அறிவுமதி முகக்கவசத்தை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டாள். கட்டிலில் இருப்பது யார் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

டாக்டர் ஹமீதா பானு அவரைத் தட்டி எழுப்பிக் கேட்டார். “பிரஷர் மாத்திரை எத்தனை போட்டீங்க?”

“ஒண்ணுதான் எழுதியிருக்கு” என்றார் வைரக்கண்ணு, கண்ணைத் திறக்காமல்.

“எழுதினது சரி. நீங்க எத்தனை போட்டீங்க?”

“மூணு.”

“எதுக்கு?”

“உரக்கடைக்காரன் டேங்குக்கு ஒரு மூடி மருந்துன்னா நாங்க ரெண்டு மூடி ஊத்துவோங்க. அப்பதான் பூச்சி சாவும். நாளைக்கி நல்ல காரியம். அதான் கூட ஒண்ணு சேத்து...”

“பூச்சி தப்பிச்சிடுச்சு, நீங்க விழுந்துட்டீங்க” என்றார் டாக்டர்.

சலைன் ஓடியது, ஊசியும் போட்டார்கள். அழுத்தம் ஏறவில்லை. டாக்டர் அழுத்தத்தை ஏற்றுகிற டோபமின் எழுதினார். கிலோவுக்கு நிமிடத்துக்கு ஐந்து மைக்ரோகிராம். எடை பார்த்ததில் அறுபத்து நாலு கிலோ. அப்படியானால் நிமிடத்துக்கு முந்நூற்று இருபது போகவேண்டும். பாட்டிலில் ஐந்நூறு மில்லிக்கு நானூறு மில்லிகிராம் கலந்தாயிற்று, ஒரு மில்லியில் எண்ணூறு மைக்ரோகிராம். நிமிடத்துக்கு ஒரு மில்லியில் பாதிகூட வேண்டாம், பத்தில் நாலு பங்கு போதும். இப்படிக் கொஞ்சமாகப் போகிற மருந்துக்கென்றே மைக்ரோ செட் என்று ஒரு குழாய் உண்டு. கடுகு மாதிரிச் சின்னச் சொட்டு, அறுபது விழுந்தால்தான் ஒரு மில்லி. அதில் நிமிடத்துக்கு இருபத்து நாலு சொட்டு. அறிவுமதி குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கிற உருளையைத் திருகி, கடிகாரத்தைப் பார்த்து, இருபத்து நாலில் நிறுத்தினாள். சற்று நேரத்தில் வைரக்கண்ணுவின் முகத்தில் ரத்தம் ஓடியது.

கதவோரம் அம்சம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முகக்கவசத்துக்கு மேலே கண்ணைப் பார்த்தே அடையாளம் கண்டுபிடித்திருந்தாள். “அறிவு, நீதான்னு சொல்லிப்புடாத கண்ணு. பொண்ணு பாக்க வந்த எடத்துல ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்து பொண்ணப் பாத்தாருன்னா, சகுனம் சரியில்லன்னு எந்திரிச்சுப் போயிருவாரு. அவரு யாரோ, நீ யாரோ. நாளைக்கிப் பாத்துக்கலாம்.”

“நாளைக்கு எங்க எந்திரிக்கப் போறாரு அத்த?” என்றாள் அறிவுமதி. அத்தை என்று வாயில் வந்துவிட்டதை நினைத்து உடனே சிரிப்பு வந்தது. நல்லவேளை, முகக்கவசம்.

வைரக்கண்ணு கொஞ்சம் தெளிந்ததும் முதலில் பார்த்தது தன் பாட்டிலை. அடுத்துப் பார்த்தது பக்கத்துக் கட்டில் பாட்டிலை. பக்கத்துக் கட்டிலில் குணசேகரன் என்று ஒருவர், வயிற்றுப்போக்கில் வற்றி வந்தவர். அவருக்கு வெறும் சலைன், தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

“அய்யாவுக்கு எந்த ஊரு?” என்றார் வைரக்கண்ணு.

“திருக்காட்டுப்பள்ளிங்க.”

வைரக்கண்ணு தன் குழாயைப் பார்த்தார். சொட்டு... சொட்டு. குணசேகரன் குழாயைப் பார்த்தார். தடதட. அறிவுமதி மறுபக்கம் திரும்பிய சமயம், நாற்பது வருஷம் வாய்க்காலில் ஷட்டர் தூக்கிப் பழகிய அந்தக் கை மெல்ல உருளைக்குப் போய் ஒரு திருகு திருகியது.

அறிவுமதி காதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். திரும்பி இரண்டே எட்டில் வந்து உருளையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள்.

“யாரு இதத் தொட்டது?”

“தானா எறங்கிருச்சு.”

“தானா எறங்காது. நீங்கதான் தொறந்தீங்க.”

“ஏம்மா, நீ என்ன லஸ்கரா?” என்றார் வைரக்கண்ணு. வாய்க்காலில் ஷட்டரைத் திறந்து மூடுகிற அரசாங்கச் சேவகருக்கு அங்கே லஸ்கர் என்று பெயர். வைரக்கண்ணுவுக்கும் லஸ்கர்களுக்கும் ஆயுசு முழுக்கப் பகை. “மேல்மடைக்காரருக்குத் தடதடன்னு பாயுது. கடைமடைக்காரன்னா மட்டும் சொட்டுச் சொட்டா? இங்கயுமா?”

குணசேகரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யோவ், வேணுமின்னா என் கட்டிலுக்கு வாய்யா. கூடவே என் வயித்தையும் எடுத்துக்க.”

“அவரு பாட்டில்ல இருக்கறது பச்சத் தண்ணி” என்றாள் அறிவுமதி. “உங்களுது மருந்து கரைச்ச தண்ணி. பாட்டில் காலியாவறது முக்கியமில்ல, நிமிசத்துக்கு எவ்ளோ மருந்து உள்ள போவுதுன்னுதான் கணக்கு. உங்க கனத்துக்கு இருபத்து நாலு சொட்டு. ஒண்ணு கூடினாலும் நெஞ்சு படபடன்னு அடிக்கும். வயல்ல உரம் கரைச்சு விடறப்ப மடைய அகலத் தொறப்பீங்களா?”

“தொறக்கமாட்டேன்” என்று ஒப்புக்கொண்டார். பிறகு மனசு கேட்காமல், “ஆனா கூட ஒரு கை உரம் போடுவேன்” என்றார்.

“இங்க கூட ஒரு கையெல்லாம் கெடயாது. இன்னொருவாட்டி உருளைகிட்ட கை போச்சு, ரெண்டு கையையும் கட்டிலோட சேத்துக் கட்டிருவேன்.”

சொல்லிவிட்டு வந்த பிறகுதான் அறிவுமதிக்கு உறைத்தது. நாளைக்குக் காலில் விழுந்து கும்பிடவேண்டிய மாமனார். கட்டிப்போடுவேன் என்று சொல்லியாகிவிட்டது. கதவுக்கு அந்தப்பக்கம் அம்சம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. வைரக்கண்ணு அம்சத்தைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே ரகசியம் சொன்னார்: “நாளைக்கிப் பாக்கப் போற பொண்ணும் நர்சுன்னு சொன்னியே. இந்த மாதிரி இருந்தா இப்பவே சொல்லிப்புடு, எனக்கு வேணாம்.”

மத்தியானம் கழிந்து, குணசேகரனுக்கு இரண்டாவது பாட்டில் மாட்டினார்கள். அது எவ்வளவு என்று பார்க்க வைரக்கண்ணு கட்டிலிலிருந்து எட்டியதில், அவருடைய குழாய் கட்டில் கம்பியில் மாட்டி இழுபட்டு ஒழுக ஆரம்பித்தது. அறிவுமதி உருளையை மூடிவிட்டு, புதுக் குழாய் எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தாள். சரியாக அந்த நேரத்தில் அன்பரசன் இளநீரும் கையுமாக வாசலில் வந்து நின்றான். மறுநாளைக்கு என்று வைத்திருந்த புதுச்சட்டையை இன்றே போட்டிருந்தான். காலரில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“சிஸ்டர்” என்றான், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, “எங்கப்பாவுக்கு இன்னைக்கு எத்தனை சொட்டுங்க?”

அவ்வளவுதான். உள்ளுக்குள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டே, கைக்கு வந்த பொட்டலத்தைப் பிரித்து, குழாயை மாட்டி, காற்றை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். இருபத்து நாலு. விலைச்சீட்டை ஞாபகப்படுத்தக் காலரைத் தொட்டுக் காட்டினாள். அவன் தடவிப் பார்த்துவிட்டு, முகம் சிவந்து, இளநீரை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் மானிட்டர் கத்தியது. வைரக்கண்ணுவின் நாடி நூற்று முப்பது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “படபடங்குதும்மா, ரைஸ் மில்லு ஓடற மாதிரி” என்றார்.

“தொறந்தீங்களா?” அறிவுமதி ஓடிவந்தாள். “சொன்னேனா இல்லியா? இத்தன பேரு முன்னாடி படிச்சுப் படிச்சு சொன்னேனே! ஏங்கய்யா இப்படி உங்க உசுரோட வெளையாடுறீங்க?”

“நான் தொடலம்மா.”

“பின்ன யாரு தொட்டா? பக்கத்துக் கட்டிலா?”

“ஆத்தா சத்தியமா நான் தொடல.”

குணசேகரன் தலையை ஆட்டினார். அம்சம் கதவருகே நின்று, “திருந்தவே மாட்டாரு” என்றாள். அறிவுமதி உருளையைப் பிடித்துக்கொண்டு சொட்டை எண்ணினாள். இருபத்து நாலு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் தொட்டிருக்கவில்லை. அப்படியானால் நெஞ்சு ஏன் இப்படி அடிக்கிறது? அப்போதுதான் சொட்டையே பார்த்தாள். கடுகு மாதிரி விழவேண்டிய சொட்டு, மல்லி விதை மாதிரி குண்டு குண்டாக விழுந்துகொண்டிருந்தது. அவள் மாட்டியிருந்தது சாதா செட். அதில் இருபது சொட்டுக்கே ஒரு மில்லி. எட்டுச் சொட்டு விடவேண்டிய இடத்தில் இருபத்து நாலு விட்டிருக்கிறாள். மூன்று மடங்கு மருந்து. மூன்று மாத்திரை போட்டு வந்து விழுந்தவருக்கு, அவள் கையாலேயே மூன்று மடங்கு.

அந்த நொடியில் மட்டும் சிரிப்பு வரவில்லை. உருளையை மூடி, டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சுத் துடிப்பின் படம் எடுத்து, நாடி இறங்கும்வரை நின்றார். மைக்ரோ செட்டை மாட்டி மறுபடி இருபத்து நாலு சொட்டு வைத்ததை அவரே எண்ணிச் சரிபார்த்தார். பிறகு அறிவுமதியைத் தனியாக அழைத்து, தாழ்ந்த குரலில் திட்டினார். “குழாயப் பாக்காம சொட்ட எண்ணி என்ன பண்றது? இந்த மாசம் முழுக்க நீ தனியா மருந்து போடவேணாம். யாராச்சும் பக்கத்துல நின்னு பாக்கட்டும்.” அறிவுமதி தலையை ஆட்டினாள். அவசரமாக இன்னொரு அறையிலிருந்து கூப்பிட, “அவருகிட்ட நான் வந்து பேசறேன்” என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

வைரக்கண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நாடி அடங்கிவிட்டது, கோபம் அடங்கவில்லை. அம்சம் அறிவுமதியின் காதில் கிசுகிசுத்தாள். “ஒண்ணும் சொல்லாத. நல்லா ஆயிட்டாருல்ல? அவரு தொறந்துட்டாருன்னே இருக்கட்டும், எங்களுக்கு அது பழக்கந்தான். நீ சொன்னீன்னா, அந்த வார்த்த வராதும்மா. ஏற்கெனவே மேல்மடை. இதுல மருந்தும் தப்பாப் போட்டேன்னு தெரிஞ்சா?”

அறிவுமதி அவர் முதுகைப் பார்த்தாள். சத்தியம் பண்ணியும் யாரும் நம்பாத முதுகு. அன்பரசனை நினைத்தாள், காலரில் தொங்கிய சீட்டை நினைத்தாள். வாய்விட்டு அழலாம் போலிருந்தது. நேராகப் போய்க் கட்டிலருகே நின்றாள்.

“அய்யா, நீங்க தொறக்கல. குழாய மாத்தி மாட்டினது நான். தப்பு என்னோடது. உங்களுக்கு நெஞ்சு அடிச்சது என்னாலதான். உங்கள எல்லாரு முன்னாடியும் திட்டினதும் தப்பு. மன்னிச்சுக்குங்க.”

வைரக்கண்ணு மெல்லத் திரும்பினார். “என்ன சொன்ன?”

“தப்பு என்னோடதுன்னேன்.”

“அது இல்ல. அதுக்கு முன்னாடி.”

“நீங்க தொறக்கல.”

“சத்தமாச் சொல்லு!”

“நீங்க தொறக்கலைங்கய்யா!”

வைரக்கண்ணு எழுந்து உட்கார்ந்தார். குழாய் இழுபடாமல் இருக்க அறிவுமதி கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்சம்! கேட்டுக்கிட்டியா? திருக்காட்டுப்பள்ளியாரே, கேட்டீரா? நாப்பது வருசமா எங்க வாய்க்கால்ல எவன் ஷட்டரத் தொறந்தாலும் வைரக்கண்ணுதாம்பான். ஒருதரம், ஒரே ஒருதரம் நான் தொறக்கவே இல்ல. அன்னைக்கும் என் தலையிலதான் வச்சானுவ. சத்தியம் பண்ணேன். எவன் நம்புனான்?”

“நானே நம்பல” என்றாள் அம்சம்.

“பாத்தியா! கட்டுன பொண்டாட்டி நம்பல. இந்தப் பொண்ணு சொல்லுது, வைரக்கண்ணு தொறக்கலன்னு!”

“மத்த தரமெல்லாம் தொறந்தீரா?” என்றார் குணசேகரன்.

“அது வேற பேச்சு.”

அறிவுமதிக்கு இப்போது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முகக்கவசம் நனைந்துபோனது. மூக்கைத் துடைக்க அதைக் கீழே இழுத்தாள். வாசலில் நின்ற அன்பரசனுக்கு அவள் அழுவது மட்டும்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் மறந்து, “அறிவு, அழாத!” என்று கத்திவிட்டான்.

வைரக்கண்ணு மகனைப் பார்த்தார். நர்சைப் பார்த்தார். அம்சம் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

“அறிவுன்னா, அறிவுமதியா?”

வைரக்கண்ணு போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார்.

“அடப்பாவிகளா! மூணு நாளாச் சவரம் பண்ணல. இடுப்புல ஆஸ்பத்திரித் துணி. பூ இல்ல, பழம் இல்ல. இந்தக் கோலத்துலயா சம்பந்தி வூட்டுப் பொண்ணு முன்னாடி என்னப் போட்டு வச்சீங்க? இது செல்லாது! நான் பொண்ணப் பாக்கவே இல்ல. அம்மா, நீ என்னப் பாக்கல. மாஸ்க்கப் போடு, போடு!”

அறிவுமதி முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க வைரக்கண்ணு அவளைப் பார்க்காத மாதிரியே, “சிஸ்டர்” என்று மரியாதையாகக் கூப்பிட்டார். கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதனால் அவர் வீட்டுக்குப் போன பிறகும் அறிவுமதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் அன்பரசன், “அப்பா தெனம் ஊருல யார்கிட்டயோ பேசிக்கிட்டிருக்காரு. என்னன்னு சொல்லமாட்டேங்கறாரு” என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் பயந்துபோனான்.

ஆவணி முடிவதற்குள் திருக்காட்டுப்பள்ளிக்கு ஒரு வேன் வந்தது. அம்சம் இறங்கினாள், அக்கா இறங்கினாள், அன்பரசன் இறங்கினான், சவரம் பண்ணிய முகத்தோடு, வெள்ளைச் சட்டையும் துண்டுமாக வைரக்கண்ணு இறங்கினார். அதற்குப் பிறகும் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அவர்கள் தெரியவில்லை. அன்பரசனுக்கே விளங்கவில்லை. அவருடைய வாய்க்காலில் பாசனம் பண்ணுகிறவர்களையெல்லாம் கூட்டி வந்திருந்தார். கடைசியாக இறங்கியவர் லஸ்கர்.

பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அறிவுமதி பட்டுப்புடவையில், முகக்கவசம் இல்லாமல், பலகாரத் தட்டோடு வந்து நின்றாள். வைரக்கண்ணு தொண்டையைச் செருமினார்.

“அம்மா, ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கி என் நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சே, அப்ப அந்த உருளைய நான் தொறந்தேனா?”

“இல்லைங்க மாமா. நீங்க தொறக்கல. என் தப்பு.”

வைரக்கண்ணு தன் ஊர்க்காரர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முகம் சுடர்விட்டது. லஸ்கர் மட்டும் விடவில்லை. எத்தனையோ வருஷக் கடுப்பு அவருக்கு.

“இரும்மா. அப்ப தொறக்கல, சரி. அதுக்கு முன்னாடி? காலையில?”

வீடே அறிவுமதியைப் பார்த்தது. அம்சம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அன்பரசன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அறிவுமதிக்கு அடிவயிற்றிலிருந்து அந்தப் பாழும் சிரிப்பு கிளம்பியது. மறைக்க முகக்கவசம் இல்லை. கையில் தட்டு வேறு.

“காலையில...” என்று ஆரம்பித்து, அடக்கப் பார்த்து, முடியாமல், “காலையில தொறந்தாங்க” என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். முறுக்கு ஒன்று தட்டிலிருந்து விழுந்து லஸ்கரின் மடிக்குப் போனது.

ஊர்க்காரர்கள் பாயில் புரண்டு சிரித்தார்கள். லஸ்கர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைரக்கண்ணு மட்டும் சிரிக்காமல் இருந்தார். மீசை இரண்டு முறை துடித்தது. பிறகு தொடையைத் தட்டினார்.

“காலையில தொறந்தேன், இப்ப யாருக்கு இல்லங்கறேன்? மத்தியானம் தொறக்கல. ரெண்டையும் அந்தப் பொண்ணே சொல்லிருச்சு. இனிமே என் வாய்க்கால்ல எவனாச்சும் வாயத் தொறந்தா இங்கதான் கூட்டியாருவேன். அம்சம், என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? தட்ட மாத்துங்க.”

அந்த ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. நல்ல மழை.

அறிவுமதி இப்போதும் அதே அறையில் வேலை பார்க்கிறாள். அன்பரசன் கடையைத் தஞ்சாவூருக்கு மாற்றிவிட்டான். மருத்துவமனையில் மைக்ரோ செட்டும் சாதா செட்டும் வேறு வேறு அலமாரியில் இருக்கின்றன. மருந்து ஓடுகிற எல்லாக் குழாயையும் இரண்டு நர்சுகள் பார்த்த பிறகுதான் திறக்கிறார்கள். வைரக்கண்ணு ஊரில் நலமாக இருக்கிறார். தினம் ஒரு மாத்திரைதான் போடுகிறார், அதை அம்சம் எடுத்துக் கொடுக்கிறாள்.